டோங்டேமுனில் கொரிய ஸ்ட்ரீட் ஃபேஷன் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியோலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு உடை வாங்க மியோங்டோங்கைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். அழகு சாதனங்களுக்கு அது சரி. ஹூடி, வைட் பேன்ட், ஓவர்சைஸ் டி-ஷர்ட், பேஸ்பால் ஜாக்கெட் என்று தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் டோங்டேமுன். துணி விற்கும் சந்தை, தைக்கும் தெருக்கள், மொத்தக் கடைகள், சில்லறைக் கடைகள் எல்லாமே அங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஹொங்டேயின் சிறு கடைகளில் தொங்கும் உடைகளில் நிறைய, இங்கிருந்து இரவோடு இரவாக மூட்டை கட்டிப் போனவைதான். ஆனால் கட்டடமும் நேரமும் தவறினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது? எந்தப் பக்கம் என்ன கடை?

சப்வேயில் 2, 4, 5ஆம் லைன்கள் சந்திக்கும் 'டோங்டேமுன் வரலாறு பண்பாட்டுப் பூங்கா' நிலையத்தில் இறங்குங்கள். 1ஆம் வாசலில் ஏறினால் எதிரே தெரியும் வளைவான வெள்ளிநிறக் கட்டடம் டிடிபி (டோங்டேமுன் டிசைன் பிளாசா). ஜஹா ஹதீத் வடிவமைத்தது, 2014 மார்ச்சில் திறந்தது. இதை நடுவில் வைத்து மொத்த இடத்தையும் மனதில் பதித்துக்கொள்ளலாம்.

டிடிபிக்கு மேற்கே, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் சில்லறைக் கடைகள்: டூட்டா மால், மில்லியோரே, ஹியுண்டே சிட்டி அவுட்லெட். இவற்றுக்கு 14ஆம் வாசல் கிட்டே. டிடிபிக்குக் கிழக்கே பின்புறத்தில் மொத்தக் கடைகள்: ஏபிஎம், ஏபிஎம் லக்ஸ், ஏபிஎம் பிளேஸ், நூஜன், டிசைனர் கிளப். கூகுள் மேப்பை நம்பி நடக்க வேண்டாம். கொரியாவில் நேவர் மேப்தான் கட்டடத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடும்.

எத்தனை மணிக்குப் போவது? எந்த நாள் நல்லது?

மேற்குப் பக்கம் காலை பத்தரை, பதினொன்றுக்குத் திறக்கும். கிழக்குப் பக்கம் பகலில் பூட்டிக் கிடக்கும். மொத்தக் கடைகள் பெரும்பாலும் இரவு 8 மணிக்குத் திறந்து விடியற்காலை 5 மணிவரை நடக்கும். வெள்ளி இரவிலோ சனி இரவிலோ பல கட்டடங்களுக்கு விடுமுறை. வார இறுதியில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்து சனிக்கிழமை இரவு போய் ஏமாறுகிறவர்கள் மிக அதிகம். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மொத்தச் சந்தை கோடை விடுமுறைக்காகச் சில நாள் மூடும். 'சொல்லால்' (சந்திரப் புத்தாண்டு), 'சூசொக்' (அறுவடைத் திருநாள்) பண்டிகைகளிலும் அப்படியே.

இரவு எட்டரையிலிருந்து பத்துக்குள் மொத்தக் கட்டடங்களைச் சுற்றுவது நல்லது. நள்ளிரவை ஒட்டி சரக்கெடுக்க வருகிறவர்களின் நெரிசல் ஏறும். தாழ்வாரம் முழுக்க ஆள் உயரப் பிளாஸ்டிக் மூட்டைகள். நின்று நிதானமாகப் பார்க்க முடியாது, கடைக்காரருக்கும் உங்களிடம் பேச நேரமிருக்காது.

மொத்தக் கடையில் ஒரே ஒரு சட்டை கொடுப்பார்களா?

பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய கணக்கு, வாரத்துக்குப் பலமுறை வரும் கடைக்காரர்களையும் ஆன்லைன் விற்பனையாளர்களையும் நம்பி இருக்கிறது. ஒரே டிசைனில் குறைந்தது இரண்டு, அல்லது நிறத்துக்கு ஒன்று என்று எடுத்தால் சிலர் சம்மதிப்பார்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது அதற்காகத்தான் உதவும்.

கேட்கும் முறை எளிது. உடையைச் சுட்டிக்காட்டி "ஹான் ஜாங்-தோ த்வேயோ?" என்று கேளுங்கள், ஒன்று மட்டும் தருவீர்களா என்று பொருள். கையசைத்து மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். படம் மட்டும் எடுக்காதீர்கள். டிசைன் திருடுபோவது இங்கே உண்மையான நஷ்டம். போனைத் தூக்கினாலே கோபம் வரும்.

ஒரே ஒரு உடைதான் வேண்டும் என்றால் மேற்குப் பக்கமே போதும். விலை சற்றுக் கூடும். ஆனால் போட்டுப் பார்க்கலாம், கார்டு ஏற்பார்கள், வரியும் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்கு நாலைந்து உடை வாங்க வந்தவர்கள் மொத்தக் கட்டடத்தில் இரவு முழுக்க அலைவதில் லாபம் குறைவு என்பதே எங்கள் கருத்து. கிழக்குப் பக்கத்தைச் சந்தை பார்க்கும் ஆசையோடு ஒரு மணி நேரம் சுற்றி வாருங்கள், அது தனி அனுபவம்.

விலையை எப்படிச் சொல்வார்கள்? பேரம் பேசலாமா?

மொத்தக் கடைகளில் கடைசி மூன்று பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். '25' என்று சொன்னாலோ எழுதினாலோ 25,000 வோன். கையால் எழுதிய துண்டு ரசீதிலும் அப்படியே இருக்கும். குழப்பம் இருந்தால் கால்குலேட்டரை நீட்டுங்கள், முழுத்தொகையைத் தட்டிக் காட்டுவார்கள்.

டூட்டாவில் விலை ஒட்டியது ஒட்டியதுதான், பேரம் கிடையாது. தனித்தனி உரிமையாளர்கள் நடத்தும் சிறு கடைகளில் இரண்டு மூன்று உருப்படி எடுத்துவிட்டு "கக்கா ஜுசேயோ" என்று கேட்டால் கொஞ்சம் குறைப்பார்கள், அல்லது ஒரு ஜோடி சாக்ஸ் சேர்த்துக் கொடுப்பார்கள். பாதி விலைக்குக் கேட்கும் பழக்கம் இங்கே எடுபடாது. கார்டு என்றால் 10 சதவீத வரி சேரும், ரொக்கமென்றால் சேராது என்று சில மொத்தக் கடைகளில் சொல்வார்கள். விலை கேட்கும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொரிய சைஸ் எதுவும் புரியவில்லை. என் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் அதிகம் தவறு நடக்கும் இடம், நிதானமாகப் பாருங்கள்.

பெண்கள் உடையில் 44, 55, 66, 77 என்ற எண்களைக் காணலாம். உயரம் 155 செ.மீ., மார்பு 85 செ.மீ. என்பதன் கடைசி இலக்கங்கள்தான் 55. மற்றவை அதிலிருந்து இறங்கியும் ஏறியும் போகும். இன்று தோராயமாக 55 என்பது ஸ்மால், 66 மீடியம், 77 லார்ஜ். ஆண்கள் மேலுடையில் 95, 100, 105, 110 என்பது மார்புச் சுற்றளவு செ.மீ.யில், 100 லார்ஜ், 105 எக்ஸ்எல். காலணி மில்லிமீட்டரில்: பாதத்தைச் சுவரோரம் வைத்துக் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்து, 5 முதல் 10 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

மொத்தக் கடை உடைகளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. 'ஃப்ரீ' என்று மட்டும் போட்டிருக்கும். ஃப்ரீ என்றால் எல்லோருக்கும் என்று அர்த்தமில்லை; பெரும்பாலும் 55, 66 உடம்புக்கு வெட்டியது. தோளிலும் மேற்கையிலும்தான் முதலில் பிடிக்கும். நம் பெண்கள் பலருக்கு மார்பு சரியாக இருந்து கை இறுகும் பிரச்சினை இதனால்தான்.

வழி ஒன்றே. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டையும் ஒரு பேன்ட்டையும் ஊரிலேயே தரையில் விரித்து அளந்து, போனில் குறித்துக்கொண்டு போங்கள். மேலுடைக்கு நாலு அளவு: தோளிலிருந்து அடிவரை முழு நீளம், தோள் அகலம், அக்குளிலிருந்து அக்குள்வரை, கை நீளம். பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை, முன்பக்க ரைஸ் (கால்கள் சேரும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டிவரை), கால் விளிம்பு அகலம், மொத்த நீளம். கொரியாவில் உடை அளவு எழுதும் வழக்கமும் இதேதான். விரித்துவைத்த அகலத்தைத்தான் எழுதுவார்கள், சுற்றளவை அல்ல. மார்பு 60 என்று இருந்தால் சுற்றளவு 120 செ.மீ., அதாவது நல்ல ஓவர்சைஸ். உங்கள் சட்டையின் அளவு 52 என்றால், 58லிருந்து 60 வரை வாங்கினால் கொரிய வாகில் தளர்வாக விழும்.

ஒரு மீட்டர் டேப் பையில் இருக்கட்டும். உடையை மேசையில் விரித்து அளப்பதைக் கடைக்காரர்கள் தவறாக நினைப்பதில்லை.

பருமனானவர்கள் பெண்கள் பிரிவோடு நின்றுவிட வேண்டாம். ஸ்ட்ரீட் உடைகளில் பெரும்பகுதி இருபாலருக்கும் பொதுவானது. ஆண்கள் பிரிவில் 105, 110 எடுத்தால் தோளும் கையும் தாராளமாக இருக்கும்.

போட்டுப் பார்க்க விடுவார்களா?

மொத்தக் கடையில் ட்ரையல் ரூமே இருக்காது. சில்லறையில் பேன்ட், ஜாக்கெட்டுக்கு விடுவார்கள். வெள்ளை நிறம், பின்னலாடை, தலைவழியாகப் போடும் மேலுடை ஆகியவற்றுக்குப் பல கடைகளில் தடை. விடும் இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணிப் பை தருவார்கள். அதை முகத்தில் மாட்டிக்கொண்டு அதன் மேல் உடையைப் போட வேண்டும். மேக்கப் உடையில் ஒட்டாமல் இருக்கத்தான்.

துணியும் தையலும் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டி-ஷர்ட்டில் முதலில் நூலின் கவுண்ட். திருப்பூரில் 20, 30 என்று சொல்லும் அதே கணக்கைக் கொரியாவில் 20 சு, 30 சு என்பார்கள். 30 மெல்லியது, ஏறக்குறைய 150, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). 20 அல்லது 16 கனமானது, 200க்கு மேல். தோள் இறங்கி, உடம்பில் ஒட்டாமல் பெட்டிபோல் நிற்கும் கொரிய டி-ஷர்ட்டின் வாகு கனமான துணியில்தான் வரும். அதே வெட்டை 30இல் தைத்தால் இரண்டு வெளுப்பில் தொளதொளத்துவிடும்.

அடுத்தது கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி இழுபடும் பட்டி. இரண்டு விரலால் மூன்று நாலு செ.மீ. இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அலை அலையாக நின்றால் அந்தக் கழுத்து சீக்கிரம் தொங்கும். உட்புறம் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை டேப் வைத்துத் தைத்திருந்தால் தோள் இழுபடாது. மலிவு உடைகளில் மிச்சம் பிடிப்பது முதலில் இந்த டேப்பில்தான்.

பிரின்ட்டை லேசாக இழுத்துப் பாருங்கள். மை சரியாகச் சூடேறிக் காயாமல் இருந்தால் மயிரிழைபோல் வெடிப்புகள் தெரியும். படம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம்போல் துணிமேல் உட்கார்ந்து, ஓரம் பளபளத்தால் அது ஒட்டு பிரின்ட். சூடான டிரையரிலும் நேரடி இஸ்திரியிலும் உரியும்.

ஹூடிக்கு உட்புறத்தைத் திருப்புங்கள். சிறு வளையங்களாக இருந்தால் லூப் நிட், பஞ்சுபோல் துருவியிருந்தால் கீமோ. கீமோ குளிர்காலத்துக்கானது, நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல் தவிர எங்கும் போட முடியாது. பின்னலாடையில் லேபிளைப் பாருங்கள். அக்ரிலிக் அதிகமென்றால் பக்கவாட்டில் சீக்கிரம் உருண்டைகள் கிளம்பும். கொரிய எழுத்து தெரியாவிட்டால் பப்பாகோ மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைக் காட்டினால் இழை விகிதத்தைப் படித்துத் தரும்.

வைட் பேன்ட்டில் தையலைவிட நீளம்தான் தொல்லை. கால் விளிம்பு ஷூவின் மேல் மடிந்து விழுவதுதான் இப்போதைய வாகு என்பதால் நீளமாகவே வெட்டுகிறார்கள். தரையில் உரசினால் பின்விளிம்பு கிழியும். அங்கேயே சுருக்கிக் கொடுக்கும் 'சூசொன்' கடைகள் உண்டு, மறக்காமல் போடப்போகும் ஷூவோடு போங்கள்.

கொரியாவில் தைத்ததா, சீனாவிலிருந்து வந்ததா?

இரண்டும் கலந்தே இருக்கிறது. சீனத் தயாரிப்பு என்பதே குறை ஆகாது. குறை என்னவென்றால், தயாரித்த நாட்டின் லேபிளைப் பிரித்துவிட்டுக் கொரியத் தயாரிப்பு என்று மாற்றித் தைப்பது. அது சட்டவிரோதம், அதற்காகச் சோதனைகளும் நடக்கின்றன. கழுத்து லேபிளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். இப்போதைய தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஊசித்துளை தெரிந்தால், அங்கே முன்பு வேறொரு லேபிள் இருந்திருக்கிறது. கடைகள் தங்கள் பெயர்ச் சீட்டை வைத்துத் தைப்பதும் சகஜம் என்பதால் உள் லேபிளில் நாட்டின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் புது டிசைன் வந்துவிடுகிறதே, எப்படி?

துணி, பட்டன், ஜிப் எல்லாம் டோங்டேமுன் ஜொங்ஹாப் சந்தையில் கிடைக்கின்றன. பக்கத்துக் குன்றில் சாங்சின்-டோங்கின் சந்துகளில் சிறு தையல் பட்டறைகள். துணிச் சுருளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் வெட்டக் கொடுத்த மாதிரி சில நாளில் இரவுக் கடையில் தொங்கும். இந்த வேகத்துக்குப் பின்னால் உழைப்பின் வரலாறு ஒன்றும் உண்டு. 1970 நவம்பர் 13 அன்று, பட்டறைகளின் கொடுமையான வேலை நிலையை எதிர்த்து இங்குள்ள பியோங்ஹ்வா சந்தையின் முன் தீக்குளித்தவர் ஜொன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி. சியொங்கேசியொன் ஓடையின் மேல் அவர் பெயரில் பாலமும் சிலையும் இருக்கின்றன. உடை வாங்கப் போகிறவர்கள் அந்த இடத்திலும் சற்று நின்றுவிட்டு வர வேண்டும் என்று விரும்புகிறோம்.

இரவில் சாலையோரம் மஞ்சள் கூடாரங்களில் பிராண்ட் பைகள், சட்டைகள் விற்கிறார்களே?

அவை போலிகளுக்குப் பேர்போன இடம். அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சோதனை நடத்திச் சரக்கைப் பறிமுதல் செய்கிறார்கள். வாங்காதீர்கள்.

அசல் கொரிய பிராண்டுகள் எங்கே கிடைக்கும்?

அதற்கு டோங்டேமுன் சரிவராது. 2ஆம் லைனிலேயே ஏறி ஒரு பக்கம் ஹொங்டே, மறுபக்கம் சொங்சு போங்கள். திஸ்இஸ்நெவர்தட், அடர் எரர், கவர்நாட், மாடின் கிம் போன்ற பெயர்களை இந்த இரண்டு பகுதிகளிலும் தேடுங்கள். அடிப்படை உடைகளுக்கு முசின்சா ஸ்டாண்டர்ட் கடை நல்லது. ஷூ படங்கள் பகிரும் இணையச் சமூகமாக 2001இல் தொடங்கிய முசின்சாதான் இன்று கொரிய இளைஞர்களின் பெரிய ஆடைத் தளம். அதன் சொந்த உடைகளை இங்கே தொட்டுப் பார்த்து வாங்கலாம். சொங்சுவில் இறங்கினால் யொன்முஜாங்-கில் தெருவில் நடங்கள். பழைய தொழிற்கூடங்களில் தற்காலிகக் கடைகள் வந்து போய்க்கொண்டிருக்கும்.

நேஷனல் ஜியாகிராஃபிக், கோடாக், எம்எல்பி என்று எழுதிய உடைகளைப் பார்த்துப் போலி என்று ஒதுக்க வேண்டாம். உரிமம் பெற்றுக் கொரிய நிறுவனங்களே தயாரிக்கும் ஆடை பிராண்டுகள் அவை.

கையில் குறைந்த பணம்தான். வேறு இடம் உண்டா?

எக்ஸ்பிரஸ் பஸ் டெர்மினல் நிலையத்தின் கீழே இருக்கும் கோட்டோ மால். 3, 7, 9ஆம் லைன்கள் நிற்கும். நிலத்தடியில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடை வரிசை. 10,000, 15,000 வோனுக்கு டாப்களும் பேன்ட்டுகளும் குவிந்திருக்கும். போட்டுப் பார்க்கவோ மாற்றவோ வழியில்லை, அளவுக் குறிப்பு இல்லாமல் போகாதீர்கள்.

பணம் எப்படி எடுத்துப்போவது? வரி திரும்பக் கிடைக்குமா?

மேற்குப் பக்கம் விசா, மாஸ்டர் கார்டுகள் ஓடும். தட்டிச் செலுத்துவது எல்லா இடத்திலும் வேலை செய்யாது, சிப்பைச் செருக வேண்டியிருக்கும். வெளிநாட்டவருக்கான வாவ்பாஸ் ப்ரீபெய்ட் கார்டும் வசதி. மொத்தக் கடைக்கு ரொக்கம்தான். மியோங்டோங்கில் நாணய மாற்றுக் கடைகளில் விகிதம் நன்றாக இருக்கும்; 4ஆம் லைனில் இரண்டே நிறுத்தம்.

'டாக்ஸ் ஃப்ரீ' அறிவிப்புள்ள கடையில் ஒரே பில்லில் 15,000 வோனுக்கு மேல் வாங்கினால் வாட் வரி திரும்பும். பாஸ்போர்ட் அவசியம். பில் 10 லட்சம் வோனுக்குக் குறைவென்றால் சில கடைகளில் அங்கேயே கழித்துக்கொள்வார்கள். மற்றவற்றுக்கு ரசீதை வைத்திருந்து விமான நிலையத்தின் இயந்திரத்தில் காட்டுங்கள். வரி 10 சதவீதம் என்றாலும் சேவைக் கட்டணம் போக கைக்கு வருவது அதைவிடக் குறைவு. உடைகளைச் சோதிக்கக் கேட்கலாம், அதனால் செக்-இன் செய்வதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவார்களா?

பெரிய மாலில் பில்லோடு, டேக் பிரிக்காமல் கொண்டுபோனால் மாற்றுவார்கள். சிறு கடையில் மனம் மாறியதற்காகப் பணம் திரும்பாது. சுவரிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். எனவே பணம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் விரித்து கறை, விட்டுப்போன தையல், ஜிப் மூன்றையும் பாருங்கள். கொடுப்பவர் உள்ளேயிருந்து வேறு பொட்டலத்தை எடுத்துத் தந்தால் அதையும் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு எப்படித் திரும்புவது?

சப்வே நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், விடிகாலையில்தான் மீண்டும் ஓடும். நடுவில் 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரவுப் பேருந்துகள் உண்டு. டாக்ஸிக்கு இரவு 10 முதல் 4 வரை கூடுதல் கட்டணம். 11 முதல் 2 வரை அது 40 சதவீதம், மற்ற நேரம் 20. இரண்டு மணிக்குமேல் கிளம்பினால் கொஞ்சம் மிச்சமாகும்.

வாங்கிய உடைகளை முதல்முறை எப்படித் துவைப்பது?

கறுப்பு, கருநீலம், நரைத்த சாயல் கொண்ட டி-ஷர்ட்டுகள் தனியாக, உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில். நரைத்த சாயலுக்காகப் பிக்மென்ட் சாயம் ஏற்றியவை முதல் சில வெளுப்பில் சாயம் விடும், ஊறவைக்கவே கூடாது. கனமான பருத்தி முதல் துவைப்பில் நீளத்தில் சற்றுச் சுருங்கும். நிழலில் தட்டையாகப் போட்டுக் காய வையுங்கள். பின்னலாடையை ஹேங்கரில் மாட்டினால் தோளில் கூர்ப்பு விழும், மடித்தே வையுங்கள்.